கனித் தட்டும் தொட்டுக்கொள்ளும் கிண்ணமும்

கனிகளைத் துண்டு துண்டாக அரிந்து ஒரு பலகையிலோ தாம்பாளத்திலோ பரப்பி, நடுவே தொட்டுக்கொள்ள ஒரு கிண்ணம் வைத்து, பலர் சூழ நின்று உண்ணும் வழக்கம் இன்று ஈக்காட்டுத்தாங்கலின் அலுவலகங்களிலும் அடுக்ககங்களிலும் இயல்பாகக் காணக்கூடியதாகிவிட்டது. அடுப்பு வேண்டா, சமையற்காரர் வேண்டா, கத்தியும் பொறுமையும் இருந்தால் போதும். இஃது அண்மையில் மேலைநாட்டிலிருந்து வந்திறங்கிய புதுமை என்று இளையோர் கருதுகின்றனர். 'எல்லாம் நம்மிடம் முன்பே இருந்தன' என்று மார்தட்டும் கூட்டத்தில் சேர நமக்கு விருப்பமில்லை. ஆயினும் இலக்கியத்தையும் வழக்காற்றையும் சற்றே புரட்டினால் ஒன்று புலப்படுகிறது: கனியைப் பிறர்க்கு அளித்தல் தமிழ்நாட்டில் மிகப் பழையது, ஒரே கிண்ணத்தில் பலர் கை தொட்டு உண்டதோ அத்துணை எளிதாக நிகழ்ந்ததன்று. இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட தொலைவைத்தான் இங்குப் பேச எண்ணுகிறோம்.

முதலில் பறம்பு மலைக்குச் செல்வோம். மூவேந்தரும் முற்றுகையிட்டிருந்த காலத்தில், பாரியின் மலையைப் பட்டினி போட்டு வெல்ல இயலாது என்று கபிலர் கூறும் பாடல் புறநானூற்றில் 109-ஆவதாக உள்ளது. உழவர் உழாமலே அம்மலை தரும் பொருள்கள் நான்கு என அவர் கணக்கிடுகிறார்: மூங்கில் நெல், பலாப்பழம், வள்ளிக்கிழங்கு, தேன். இப்பாடலை வகுப்பில் நடத்தும்போது மலைவளம் என்ற அளவில் சொல்லிக் கடந்துவிடுவதே வழக்கம். ஆனால் அடுக்களைக் கண்ணோடு பார்த்தால் இந்நான்கும் இரண்டாகப் பிரிவதைக் காணலாம். மூங்கில் நெல்லைக் குற்றி உலையிலிட வேண்டும். கிழங்கைச் சுடவோ அவிக்கவோ வேண்டும். பலாவுக்கும் தேனுக்கும் தீ வேண்டா. சுளையை எடுத்துத் தேனில் தோய்த்தால் உணவு முடிந்தது. கனியும் தொட்டுக்கொள்ளும் பொருளும் ஒரே பாட்டில் நிற்கின்றன! கபிலர் அவற்றைச் சேர்த்து உண்ணச் சொல்லவில்லை என்பது உண்மையே. ஆயினும் இன்றுவரை பலாச்சுளையைத் தேனில் தோய்த்து உண்ணும் தமிழர்க்கு அந்த அடைவு பொருளற்றதாகத் தோன்றாது.

மாங்குடி மருதனாரின் மதுரைக்காஞ்சியும் மதுரை மாநகரின் உணவு வகைகளைச் சொல்லும்போது பலாச்சுளையையும் தேமாங்கனியையும் விட்டுவைக்கவில்லை. அதியமான் ஔவைக்கு அளித்த நெல்லிக்கனியோ (புறநானூறு 91) அனைவரும் அறிந்தது. ஆனால் அந்நெல்லி பகிரப்பட்டதன்று, முழுதாக ஈயப்பட்டது. தான் உண்ணாமல் பிறர்க்குத் தருவது ஈகை. இருவரும் உடனிருந்து உண்பது பகிர்வு. நம் இலக்கியத்தில் முன்னதற்குச் சான்றுகள் மலிந்து கிடக்கின்றன. பின்னதைத் தேடித்தான் எடுக்க வேண்டும்.

சமைக்காத கனியைப் பற்றி நம்மிடம் உள்ள கதைகளுள் மிகச் சிறந்தது காரைக்காலம்மையாருடையது என்பது நம் துணிபு. சேக்கிழார் 12-ஆம் நூற்றாண்டில் அதைப் பாடுகிறார். வணிகன் பரமதத்தன் தன்னைக் காண வந்தவர்கள் கொடுத்த இரண்டு மாங்கனிகளை வீட்டுக்கு அனுப்புகிறான். அவ்வேளையில் பசியோடு ஒரு சிவனடியார் வருகிறார். புனிதவதியார் வீட்டில் சோறு வெந்துவிட்டது. கறி இன்னும் ஆகவில்லை. அவர் கணவன் அனுப்பிய கனிகளுள் ஒன்றைச் சோற்றோடு படைக்கிறார். இதன் பின் நிகழ்ந்தவை (கணவன் இரண்டாம் கனியைக் கேட்டது, இறையருளால் மற்றொரு கனி கைக்கு வந்தது, அதன் சுவை வேறுபட்டது, அவன் அஞ்சிப் பிரிந்து சென்றது) யாவரும் அறிந்தவை. நாம் நின்று நோக்க வேண்டிய இடம் கறி ஆகாத அந்த ஒரு நாழிகை. அடுப்பின் வேலை முடியுமுன் விருந்து வந்துவிட்டது. அந்த இடைவெளியைச் சமைக்காத கனி நிரப்பிற்று. இன்று ஆனித் திங்களில் முழுநிலவையொட்டிக் காரைக்காலில் நடைபெறும் மாங்கனித் திருவிழாவில் மக்கள் மாம்பழங்களை வாரி இறைப்பதும், கூட்டம் அவற்றைக் கையேந்திப் பிடிப்பதும் அந்த ஒரு கனியின் நினைவாகத்தான்.

நிற்க. கனி ஏன் இத்துணை எளிதாகக் கை மாறிற்று? அதன் சுவையும் விலையும் மட்டும் காரணமல்ல. பிரெஞ்சு மானிடவியலறிஞர் க்ளோத் லெவி ஸ்த்ரோஸ் 1964-இல் வெளியிட்ட நூலின் பெயரே 'பச்சையும் சமைத்ததும்' என்று பொருள்படுவது. தென்னமெரிக்கப் பழங்குடிகளின் தொன்மங்களை ஆராய்ந்து, தீயில் சமைத்தலே இயற்கையிலிருந்து பண்பாட்டிற்கு மனிதன் கடக்கும் வாயில் என்று அவர் வாதிட்டார். அவர் நாட்டவரே ஆன லூயி துய்மோன் தமிழ்நாட்டில் பிறமலைக் கள்ளரிடையே தங்கிக் களப்பணி செய்தவர். 1966-இல் வெளிவந்த தம் நூலில் அவர் இந்தியச் சாதி முறையின் உணவு விதிகளை விளக்குகிறார். நீரில் வேகவைத்த சோற்றைத் தனக்குத் தாழ்ந்தவர் என்று கருதப்பட்டவர் கையால் வாங்க மறுத்தவரும் சமைக்காத பொருளை எவரிடமும் பெறலாம் என்பது அவ்விதிகளுள் ஒன்று. தீட்டு, சமைத்த உணவில்தான் ஏறும். தோலோடு கூடிய கனியில் ஏறாது.

இவ்விளக்கத்தைப் படித்தபின் பழத் தட்டு நமக்குப் பழைய முகத்தோடு தோன்றுவதில்லை. வந்தவர்க்கு வாழைப்பழமும் வெற்றிலை பாக்கும் கொடுத்து வழியனுப்புதல் விருந்தோம்பல் என்றே கற்றோம். பல வீடுகளில் அது மெய்யான அன்பே. ஆனால் சில வீடுகளில் அதுவே 'உம்மோடு இலையில் அமரமாட்டோம்' என்பதை நாகரிகமாகச் சொல்லும் வழியாகவும் இருந்திருக்கிறது. கொடுப்பவர்க்கும் இழுக்கில்லை, பெறுபவர்க்கும் முகவாட்டமில்லை. சுவர் மட்டும் அப்படியே நிற்கும். 1922-இல் வ.வே.சு. ஐயர் தொடங்கிய சேரன்மாதேவி குருகுலத்தில் 1924-25 ஆண்டுகளில் எழுந்த பூசல் நினைவுக்கு வருகிறது. பிராமண மாணவர் இருவர் மட்டும் பெற்றோர் விருப்பத்தின்படி தனியே உண்டனர் என்பதே அதன் தொடக்கம்; வரதராசுலு நாயுடுவும் பெரியாரும் எதிர்த்தெழுந்தனர்; தமிழ்நாட்டு அரசியலின் போக்கே அதனால் திரும்பிற்று. அந்தப் பூசல் சோற்றுப் பந்தியைப் பற்றியது. மாலையில் மாணவர்க்கெல்லாம் ஒரு சீப்பு வாழைப்பழம் பகிர்ந்தளிக்கப்பட்டிருந்தால் எவரும் வாய் திறந்திருக்க மாட்டார்கள்.

கம்பனின் குகனையும் இவ்விடத்தில் எண்ணாதிருக்க முடியவில்லை. அவன் இராமனுக்குக் கொண்டு வந்தவை தேனும் மீனும். அன்பால் கொணர்ந்தவை ஆதலின் இவை உயர்ந்தவையே, உண்டதற்கு ஒப்பே என்று இராமன் மனமகிழ்ந்து கூறுகிறான்; உண்ணவில்லை. தவக்கோலம் பூண்டவன் மீன் உண்ணான் என்பது எளிய விளக்கம். 'தேனையாவது நாவில் வைத்திருக்கலாமே, ஐயா?' என்று ஆண்டுதோறும் வகுப்பில் ஒரு குரல் எழும். அக்குரலுக்கு நாம் இன்றுவரை நிறைவான விடை சொன்னதில்லை. சபரி கடித்துச் சுவைத்த எச்சிற் கனியை இராமன் உண்டான் என்னும் கதை வான்மீகத்திலும் இல்லை, கம்பனிலும் இல்லை. பிற்காலப் பக்தி மரபில் எழுந்தது. மூல நூல்கள் தயங்கிய இடத்தை மக்கள் தாமே கதை கட்டி நிரப்பிக்கொண்டனர் போலும்.

எச்சில் என்ற சொல்லுக்கு வந்துவிட்டோம். கனித் தட்டில் சிக்கல் கனியன்று, கிண்ணமே. ஒவ்வொரு துண்டும் ஒருவர்க்கு உரியது. கிண்ணமோ அனைவர்க்கும் பொது. ஒருமுறை தோய்த்துக் கடித்த துண்டை மறுமுறை தோய்த்தால் மேலைநாட்டாரும் முகஞ்சுளிப்பர். அவர்க்கு அது தூய்மைக் கேடு. நம் வழக்கிலோ எச்சில் என்பது நோய்க்கிருமி பற்றிய அச்சத்தைவிடப் பழையது. உறவின் எல்லையைக் குறிக்கும் கோடு அது. தாய் குழந்தையின் எச்சிலை உண்பாள். அயலார் டம்ளரை உதட்டில் வைக்காமல் அண்ணாந்து பருகுவர். சேக்கிழாரின் கண்ணப்பர் ஊனைக் கடித்துச் சுவை பார்த்து, தேன் கலந்து இறைவனுக்குப் படைத்தபோது சிவகோசரியார் துடித்ததும் இக்கோட்டைக் கண்ணப்பர் தாண்டியதனால்தான்.

ஆகவே தமிழர் பொதுக் கிண்ணத்தைக் கையாண்ட இடங்கள் எண்ணத்தக்கவை. வடமொழிக் கிருகிய சூத்திரங்கள் கூறும் மதுபர்க்கம் தேனும் தயிரும் (சில இடங்களில் நெய்யும்) கலந்தது. ஆசிரியர், அரசர், மணமகன் போன்ற சிறப்பு விருந்தினர்க்கு வரவேற்பாகத் தரப்பட்டது. இன்று பழத்திற்குத் தொட்டுக்கொள்ள நாம் கலக்கும் தேன்தயிர் ஏறத்தாழ அதுவேதான். ஆனால் மதுபர்க்கம் ஒருவர்க்கே உரியது, பகிர்வுக்கன்று. நம் திருமணங்களில் மணமக்கள் இருவர்க்கும் ஒரே கிண்ணத்திலிருந்து ஊட்டப்படும் பாலும் பழமும்தான் பொதுக் கிண்ணத்தின் தெளிவான சான்று. இனி உங்களுக்குள் எச்சில் இல்லை என்பதை ஊரறியச் சொல்லும் சடங்கு அது. 1961-இல் வெளிவந்த திரைப்படத்திற்கு அப்பெயரே தலைப்பாயிற்று என்றால், அது எத்துணை ஆழமாக வேரூன்றிய படிமம் என்பது விளங்கும்.

பழனிப் பஞ்சாமிர்தம் இச்சிக்கலை வேறு வகையில் தீர்த்தது. மலை வாழைப்பழம், நாட்டுச் சர்க்கரை, தேன், நெய், பேரீச்சை, கற்கண்டு, ஏலம் ஆகியவற்றைப் பிசைந்து செய்வது. அடுப்பில் ஏற்றுவதில்லை, ஒரு சொட்டு நீரும் சேர்ப்பதில்லை. சர்க்கரையும் தேனும் ஈரத்தைப் பிணைத்துக்கொள்வதால் அது விரைவில் கெடுவதுமில்லை. 2019-இல் புவிசார் குறியீடு பெற்றது. கனியையும் தொட்டுக்கொள்வதையும் பிரிக்க முடியாதபடி ஒன்றாக்கி, இறைவன் மேனியில் பட்டபின் தருகையில் எவருக்கும் எவர் எச்சிலும் நினைவில் வராது. சாதி பாராமல் ஒரே சட்டியிலிருந்து கைநீட்டிப் பெறும் கனியுணவு, நாமறிய, இதற்கு ஈடாக வேறொன்றில்லை.

மெரினாவில் விற்கும் மாங்காய்ப் பத்தையையும் நோக்குங்கள். கீறிய மாங்காயில் உப்பையும் மிளகாய்த்தூளையும் விற்பவரே தூவித் தருவார். தொட்டுக்கொள்ளும் பொருள் உண்டு. பொதுக் கிண்ணம் இல்லை. கடற்கரைக்கு வரும் பல்லாயிரம் அயலார்க்கு அதைவிடச் சிறந்த ஏற்பாடு இராது.

இனி ஈக்காட்டுத்தாங்கல். தாங்கல் என்பது தொண்டை மண்டலத்தில் சிறு நீர்நிலையைக் குறிக்கும் சொல்; அடையாற்றை ஒட்டிய இவ்வூர் அப்பெயரைச் சுமந்துகொண்டு, கிண்டித் தொழிற்பேட்டையின் அண்டைப் பகுதியாய் வளர்ந்தது. பழக்கடைக்குக் குறைவில்லை எனினும் பெருந்தட்டு அடுக்குவோர் கோயம்பேட்டிற்கே செல்வர். 1996-இல் கொத்தவால் சாவடியின் மொத்த வணிகம் அங்குப் பெயர்ந்தது. 2015-இல் கோயம்பேடு முதல் ஆலந்தூர் வரை மெட்ரோ ஓடத் தொடங்கியபின் வடபழனி, அசோக் நகர் வழியாக ஒரு கூடைப் பழத்தோடு ஈக்காட்டுத்தாங்கலில் வந்திறங்குவது எளிதாயிற்று.

இவ்வூரில் ஒரு வீட்டு மொட்டைமாடியில் திங்களுக்கு ஒருமுறை கூடிப் பழந்தமிழ் நூல்களைப் படிப்போர் நாங்கள் சிலர். தொடக்கத்தில் சிற்றுண்டியே தடையாயிற்று: ஒருவர் பிறர் வீட்டுச் சமையலை உண்ணார், ஒருவர் வெங்காயம் கொள்ளார், ஒருவர்க்கு நீரிழிவு. கனித் தட்டு அனைவரையும் அமர்த்தியது. மேலே துய்மோனைக் கொண்டு நாம் ஐயுற்ற அதே காரணத்தால்தான் அது இங்கும் வென்றது என்பதை மறைப்பதற்கில்லை.

செய்முறையையும் சொல்லிவிடுவோம். முதல்நாள் இரவே ஒரு லிட்டர் தயிரைத் துணியில் கட்டித் தொங்கவிட்டுக் குளிர்பெட்டியில் வைத்தால் நீர் வடிந்து ஏறத்தாழப் பாதியாகும்; அதில் மூன்று கரண்டித் தேனும் ஏலப்பொடியும் கலந்தால் பத்துப் பேர்க்குப் போதும். (பால் காய்ச்சியதாயிற்றே, இது எப்படிச் சமைக்காத உணவாகும் என்று வாதிட்டவர் எங்களிடையே உண்டு, அவர் இருமுறை தயிர் கேட்டார்.) மற்றொரு சிறு கிண்ணத்தில் உப்பும் மிளகாய்த்தூளும். கொய்யா, மாங்காய், அன்னாசி ஆகியவை இதனருகே. செவ்வாழை, சப்போட்டா, மாம்பழம் தயிரருகே. அன்னாசியையும் பப்பாளியையும் தயிரோடு முன்கூட்டிக் கலந்துவிடலாகாது. அவற்றிலுள்ள நொதிகள் பாற்புரதத்தைச் சிதைத்துக் கசப்பேற்றும். தொட்டவுடன் உண்டால் தீங்கில்லை. ஆப்பிள் கறுக்காமலிருக்க எலுமிச்சைச் சாறு கலந்த நீரில் முக்கி எடுக்கலாம். வாழையைக் கடைசியில் அரிய வேண்டும். பலாக் காலத்தில் கையிலும் கத்தியிலும் நல்லெண்ணெய் தடவாதவர் பாலோடு மல்லாடுவர். அரிந்த பழம் வெளியில் இரண்டு மணி நேரத்திற்கு மேல் இருத்தல் நன்றன்று. ஓராண்டு நிரம்பாத குழந்தைக்குத் தேன் தரலாகாது.

கிண்ணம் ஒன்றா பலவா என்பதில் மட்டும் எங்களிடையே நெடுநாள் வழக்கிருந்தது. 2020-க்கு முன் ஒரே கிண்ணம், பல கைகள். பெருந்தொற்றுக்குப்பின் ஆளுக்கொரு தொன்னை வைத்துப் பார்த்தோம். பாதுகாப்புத்தான், ஆனால் ஒவ்வொருவரும் தத்தம் தொன்னையோடு மாடியின் ஒவ்வொரு மூலைக்குச் சென்றுவிட்டனர். இப்போது நடுவில் ஒரு கிண்ணம், அதில் ஒரு நீண்ட கரண்டி; கரண்டியால் எடுத்துத் தம் துண்டின்மேல் இட்டுக்கொள்ள வேண்டும். பிறர் வீட்டுச் சமையலை உண்ணாத அந்நண்பர்தான் முதலில் கரண்டியைக் கையிலெடுத்து அனைவர் துண்டிலும் தயிரை இட்டு வருபவர். அரிந்து முடித்த மாங்கொட்டைகள் யாருக்கு என்ற வழக்கு இன்னும் தீரவில்லை.