விண்ணப்பத்தை மீட்டுக்கொண்ட இருவர்

பள்ளிக்கூடத்தில் கடிதம் எழுதப் பயிற்றும்போது விண்ணப்பத்திற்கு நாம் தனி இடம் அளிக்கிறோம். விடுமுறை வேண்டி எழுதுவது, சம்பளச் சலுகை வேண்டி எழுதுவது, உத்தியோகம் வேண்டி எழுதுவது என்று மாதிரிகள் பல உண்டு. ஒருமுறை அனுப்பிவிட்ட விண்ணப்பத்தைத் திரும்பப் பெறுவதற்கோ மாதிரி எதுவும் கிடையாது. ஆயினும் மேற்படிப்பை நாடுகின்ற மாணவன் அக்கடிதத்தை எழுத நேரிடுவது உண்டு. முடிவு வருமுன் வேறொரு வழி திறக்கலாம். அல்லது தான் கேட்ட இடம் தனக்கு உகந்ததன்று என்று தெரியவரலாம். அப்போது மௌனமாக இருந்துவிடுவதா, சினத்துடன் விலகுவதா, முறையாகச் சொல்லிக்கொண்டு விடைபெறுவதா? இச்சிறு காரியத்தைப் பற்றிச் சரித்திரம் ஏதேனும் கூறுகிறதா என்று தேடினால், சுவிட்சர்லாந்து நாட்டின் ஜூரிச் நகரில், ஒரே சர்வகலாசாலையில், ஒரே பேராசிரியரின் கண்முன், சுமார் ஆறு ஆண்டு இடைவெளியில் நடந்த இரண்டு நிகழ்ச்சிகள் நமக்குக் கிடைக்கின்றன. அப்பேராசிரியரின் பெயர் ஆல்ஃபிரட் கிளைனர்.

முதலாவது நிகழ்ச்சிக்கு உரியவர் ஆல்பர்ட் ஐன்ஸ்டீன். 1900ஆம் ஆண்டில் ஜூரிச் பாலிடெக்னிக் கல்லூரியில் தேறி வெளிவந்த அவருக்கு அங்கே உதவி ஆசிரியர் வேலை கிடைக்கவில்லை. அக்காலத்தில் அக்கல்லூரிக்கு டாக்டர் பட்டம் வழங்கும் உரிமையும் இல்லை. அங்குத் தேறியவர்கள் அதே நகரத்துச் சர்வகலாசாலையில் ஆராய்ச்சிக் கட்டுரை ஒன்றைச் சமர்ப்பித்துப் பட்டம் பெறலாம் என்ற ஏற்பாடு மட்டும் இருந்தது. தம் கல்லூரிப் பேராசிரியர் வெபரோடு மனக்கசப்புற்ற ஐன்ஸ்டீன், சர்வகலாசாலையின் பௌதிகப் பேராசிரியரான கிளைனரை நாடினார். 1901 நவம்பரில், வாயுக்களில் மூலக்கூறுகளுக்கு இடையே நிலவும் விசைகளைப் பற்றிய கட்டுரையைக் கட்டணத்துடன் சமர்ப்பித்தார். அப்பொழுது அவர் ஷாஃப்ஹௌசன் என்னும் ஊரில் ஒரு தனியார் விடுதியில் மாணவனுக்குப் பாடம் சொல்லி வயிறு வளர்த்து வந்தார்.

வாரங்கள் கடந்தன, கிளைனர் கட்டுரையைப் படித்து முடித்தபாடில்லை. தம் வருங்கால மனைவி மிலேவாவுக்கு எழுதிய கடிதத்தில் ஐன்ஸ்டீன் அவரைக் கடுமையாகவே ஏசியிருக்கிறார். ஆனால் டிசம்பரில் நேரில் சென்று பார்த்தபோது, கிளைனர் தாம் எண்ணியதைவிட நல்லவராக இருக்கக் கண்டார். இயங்கும் பொருள்களின் மின்னியலைப் பற்றிய அவருடைய கருத்துகளை வெளியிடும்படி பேராசிரியர் ஊக்கமும் அளித்தார். நான்கு ஆண்டுகளுக்குப் பின் சார்புக் கொள்கையாக மலர்ந்தது அந்தச் சிந்தனையே என்பதை எண்ணும்போது, அந்தச் சந்திப்பின் அருமை நமக்கு விளங்குகிறது. கடிதத்தில் கொட்டிய கோபத்தை அவர் வாசற்படியில் விட்டுவிட்டு உள்ளே போனார் போலும்! இளைஞர்களுக்கு இது எளிய காரியமன்று.

1902 பிப்ரவரி தொடக்கத்தில் அக்கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. அதற்குச் சான்றாக இன்று எஞ்சியிருப்பது ஒரு ரசீது. கட்டணமாகச் செலுத்திய 230 பிராங்குகளைத் திரும்பப் பெற்றுக்கொண்டதாக 1902 பிப்ரவரி 1ஆம் தேதியிட்டு எழுதப்பட்டது அது. கட்டுரையின் பிரதி எதுவும் கிடைக்கவில்லை. காரணம் என்ன? மகாமேதையான லுட்விக் போல்ட்ஸ்மானின் வாதங்களை அதில் ஐன்ஸ்டீன் கூர்மையாகக் கண்டித்திருந்தார் என்றும், அவருக்கு மரியாதை செய்யும் பொருட்டே கிளைனர் அதனை ஏற்கத் தயங்கினார் என்றும் ஐன்ஸ்டீனின் குடும்பத்தைச் சேர்ந்த ருடால்ஃப் கைசர் தாம் எழுதிய வரலாற்றில் கூறுகிறார். அஃது எவ்வாறாயினும், கட்டுரை சர்வகலாசாலையின் தீர்ப்பை எதிர்கொள்ளாமலே திரும்பியது, பணமும் திரும்பியது.

அந்தப் பணம் அவருக்கு அற்பமன்று. பெர்ன் நகரில் பின்னர்ப் பேடண்ட் காரியாலயத்தில் அவருக்குக் கிடைத்த ஆண்டுச் சம்பளம் 3,500 பிராங்கு. ஆகவே 230 பிராங்கு என்பது ஏறக்குறைய மூன்றரை வாரச் சம்பளம். அந்த உத்தியோகமும் 1902 ஜூன் மாதம்வரை கைக்கு வரவில்லை. இடையில் பெர்னுக்குக் குடிவந்து, தனிப்பாடம் சொல்லிக்கொடுக்க விளம்பரம் செய்தார். அந்த ஜனவரியில் மிலேவாவுக்கு ஒரு பெண் குழந்தையும் பிறந்திருந்தது. இத்தகைய நெருக்கடியில் பட்டத்தின் வாயில் மூடியதுபோலத் தோன்றியபோதும், கிளைனருக்கும் அவருக்கும் இடையே இருந்த உறவு முறியவில்லை.

1903இல் நண்பர் பெஸ்ஸோவுக்கு எழுதுகையில், டாக்டர் பட்டம் என்ற நாடகமே தமக்கு அலுத்துவிட்டது, இனி அதை நாடப்போவதில்லை என்று ஐன்ஸ்டீன் தெரிவித்தார். ஆனால் 1905 ஜூலையில் மற்றொரு கட்டுரையுடன் அதே சர்வகலாசாலைக்கு, அதே கிளைனரிடம் வந்தார். சர்க்கரை கரைந்த நீரின் பிசுபிசுப்பையும், அச்சர்க்கரை நீரில் பரவும் வேகத்தையும் கொண்டு மூலக்கூறின் அளவைக் கணிப்பது அதன் பொருள். கட்டுரை மிகவும் சிறியது என்று கிளைனர் திருப்பியனுப்ப, தாம் ஒரே ஒரு வாக்கியத்தைச் சேர்த்து அனுப்பியதும் ஏற்கப்பட்டது என்று ஐன்ஸ்டீன் பிற்காலத்தில் சிரித்துக்கொண்டே சொல்வாராம். அவர் சொன்ன கதைகளை எல்லாம் அப்படியே நம்ப வேண்டுவதில்லை. பட்டம் கிடைத்தது என்பது உறுதி.

இரண்டாவது நிகழ்ச்சி இன்னும் நுட்பமானது. ஜூரிச் சர்வகலாசாலையில் கருத்தியல் பௌதிகத்திற்கென ஒரு துணைப் பேராசிரியர் பதவியை உண்டாக்கக் கிளைனர் முயன்றார். அதற்குத் தகுதியுள்ளவராகக் கருதப்பட்டவர் ஃபிரெடெரிக் ஆட்லர். ஐன்ஸ்டீன் பிறந்த 1879ஆம் ஆண்டிலேயே பிறந்தவர்; ஜூரிச்சில் படித்தவர்; அங்கேயே விரிவுரையாளராக இருந்தவர். அவருடைய தந்தை விக்டர் ஆட்லர் ஆஸ்திரிய சமூக ஜனநாயகக் கட்சியின் பெருந்தலைவர். ஜூரிச் கல்வி அதிகாரிகளிடையே அக்கொள்கையினருக்குச் செல்வாக்கு இருந்தபடியால், ஆட்லரின் நியமனம் எளிதில் கைகூடும் நிலையில் இருந்தது.

ஐன்ஸ்டீனின் பெயரும் பரிசீலனைக்கு உரியது என்று அறிந்ததும் ஆட்லர் விலகிக்கொண்டார். அத்தகைய ஒருவரைச் சர்வகலாசாலை பெறக்கூடுமாயின் தம்மை நியமிப்பது பொருந்தாது, ஆராய்ச்சித் திறனில் தமக்கும் அவருக்கும் ஒப்பே இல்லை என்பது அவர் சொன்ன காரணம். ஐன்ஸ்டீனின் வரலாற்றை எழுதிய ஃபிலிப் ஃபிராங்க் இதனைப் பதிந்திருக்கிறார். 1908 ஜூன் 19ஆம் தேதி ஆட்லர் தந்தைக்கு எழுதிய கடிதமும் உண்டு. இத்தகைய மனிதர் பேடண்ட் காரியாலயத்தில் உட்கார்ந்திருப்பது வெட்கக்கேடு என்ற எண்ணம் பலருக்கும் உண்டு என்று அதில் எழுதியிருக்கிறார்.

இதனைத் தியாகம் என்றே சொல்லிவிடலாமா? ஆட்லரின் உள்ளம் பௌதிகத்தைவிட அரசியலையும் தத்துவத்தையுமே அதிகமாக நாடியது. 1910இல் அவர் ஜூரிச்சில் ஒரு தொழிலாளர் பத்திரிகைக்கு ஆசிரியராகப் போய்விட்டார். அடுத்த ஆண்டு வியன்னா சென்று கட்சிப் பணியில் இறங்கினார். ஆகையால் அவர் இழந்தது அவருக்கு உயிர்போன்றதன்று என்று ஒருவர் வாதிக்கலாம். அவ்வாறாயினும், கைக்கெட்டிய பதவியை மற்றொருவரின் தகுதியைச் சொல்லி விட்டவர்கள் எத்தனை பேர்? சாக்குச் சொல்லி விலகுவது எளிது. உடல்நலத்தைச் சொல்லலாம், குடும்பத்தைச் சொல்லலாம். உண்மைக் காரணத்தை, அதுவும் தம்மைத் தாழ்த்திக்கொள்ளும் காரணத்தை, உரிய அதிகாரிகளிடம் உரிய காலத்தில் சொன்னதே ஆட்லரின் சிறப்பு. முடிவுக்குப் பின் சொல்லியிருந்தால் அது சர்வகலாசாலைக்குச் சங்கடமாகவே முடிந்திருக்கும்.

1909 மார்ச்சில் ஆசிரியர் குழு வாக்களித்தது. பத்துப் பேர் ஐன்ஸ்டீனை ஆதரித்தனர், ஒருவர் வாக்களிக்கவில்லை. அவ்வாண்டு அக்டோபரில் அவர் பதவி ஏற்றார். ஐன்ஸ்டீன் குடும்பமும் ஆட்லர் குடும்பமும் மௌசோன் தெருவில் ஒரே கட்டிடத்தில் வெவ்வேறு மாடிகளில் குடியிருந்தன. இருவரும் ஓயாமல் பௌதிகம் பேசினார்கள்.

இதற்கு மாறான ஓர் உதாரணத்தையும் ஃபிராங்க் தருகிறார். அடுத்து ஐன்ஸ்டீன் சென்ற பிராக் சர்வகலாசாலையின் பதவிக்கு குஸ்தாவ் யௌமான் என்பவரும் கருதப்பட்டார். ஐன்ஸ்டீனின் பெயர் தம் பெயருக்கு முன்னால் வைக்கப்பட்டதை அறிந்து, நாகரிக மோகத்தின் பின்னே ஓடும் சர்வகலாசாலை தமக்கு வேண்டாம் என்று சினந்து அவர் மறுத்துவிட்டாராம். அவர் கேட்ட ஊதியம் கிடைக்காததும் ஒரு காரணம் என்று பின்வந்தோர் கூறுவர். எப்படியோ, இந்நிகழ்ச்சியில் அவரை நினைவூட்டுவது அந்தச் சினமே.

ஆட்லரின் பிற்கால வாழ்க்கை விசித்திரமானது. உலக யுத்தத்தின்போது, 1916 அக்டோபர் 21ஆம் தேதி, வியன்னாவில் ஓர் உணவு விடுதியில் ஆஸ்திரியப் பிரதம மந்திரி ஸ்டுர்க் பிரபுவை அவர் சுட்டுக்கொன்றார். அடுத்த ஆண்டில் மரண தண்டனை விதிக்கப்பட்டது; பின்னர் அது பதினெட்டு ஆண்டுச் சிறையாகக் குறைக்கப்பட்டு, 1918இல் அவர் விடுதலையானார். அந்தக் கொலையை எவரும் நியாயப்படுத்த இயலாது. ஐன்ஸ்டீனும் நியாயப்படுத்தவில்லை, எனினும் தம் நண்பரின் குணத்தைப் பற்றிச் சாட்சி கூற முன்வந்தார். சிறையில் இருந்தபடியே ஆட்லர் ஒரு பௌதிக நூல் எழுதினார். தாம் யாருக்காக ஜூரிச் பதவியிலிருந்து விலகினாரோ, அவருடைய சார்புக் கொள்கையை மறுப்பது அந்நூலின் நோக்கம். அதிலுள்ள வாதங்களைப் பற்றி 1918இல் பெர்லினிலிருந்து ஐன்ஸ்டீன் சிறைக்குக் கடிதங்கள் எழுதி, பழைய மாடிவீட்டு நண்பரோடு விவாதித்துக்கொண்டிருந்தார்.