கருனி வளக் கசிவு

கருனி வளக் கசிவு என்பது இயங்குதளத்தின் கருனி, தான் எடுத்துக்கொண்ட வளம் ஒன்றை வேலை முடிந்த பின் விடுவிக்கத் தவறுவதால் ஏற்படும் வழு ஆகும். நினைவகம், திறந்த கோப்பு, பிணைய இணைப்பு முதலியன இங்கு வளங்கள் எனப்படுகின்றன. வன்பொருளுக்கும் பயன்பாட்டு மென்பொருள்களுக்கும் இடையில் இருந்து இவ்வளங்களைப் பங்கிடும் மையப் பகுதியே கருனி (கெர்னல்) ஆகும்.

பயன்பாட்டு மென்பொருள் ஒன்றில் கசிவு இருப்பின், அம்மென்பொருள் முடியும்போது அதன் நினைவகத்தைக் கருனி மீட்டுக்கொள்ளும். கருனியிலேயே கசிவு ஏற்பட்டால் மீட்பதற்கு அதற்கு மேல் எதுவும் இல்லை. பெரும்பாலும் கணினியை மறுதொடக்கம் செய்யும் வரை அவ்விழப்பு நீடிக்கும்.

பயன்பாட்டு எண்ணிக்கை

கருனியில் உள்ள ஒரு பொருளைப் பல நிரல்கள் ஒரே நேரத்தில் பயன்படுத்தலாம். எனவே பயன்படுத்துவோரின் எண்ணிக்கையைக் கருனி பதிந்து வைக்கிறது. ஒருவர் சேர்ந்தால் ஒன்று கூடும். விலகினால் ஒன்று குறையும். எண்ணிக்கை சுழியானால் அப்பொருள் அழிக்கப்படும். குறைக்க வேண்டிய இடத்தில் குறைக்கத் தவறினால் எண்ணிக்கை மட்டும் கசிந்து ஏறிக்கொண்டே போகும்.

2016 ஆம் ஆண்டு நிகழ்வு

இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு, சிவிஇ-2016-0728 என்னும் எண்ணால் அறியப்படும் லினக்ஸ் கருனியின் பாதுகாப்புக் குறை ஆகும். பெர்செப்சன் பாயிண்ட் என்னும் இசுரேலிய நிறுவனம் இதனைக் கண்டறிந்து 2016 சனவரியில் வெளியிட்டது. கருனியின் 3.8 ஆம் பதிப்பு (2013) முதல் இக்குறை இருந்து வந்தது.

கடவுச்சொற்கள், மறையீட்டுத் திறவுகள் போன்றவற்றை வைத்திருக்கும் 'திறவு வளையம்' என்னும் பகுதியில் இவ்வழு இருந்தது. நிரல் ஒன்று தன்னிடம் ஏற்கனவே உள்ள வளையத்தையே மீண்டும் கேட்டால் எண்ணிக்கை ஒன்று கூடியது, ஆனால் குறைக்கப்படவில்லை. அவ்வெண்ணிக்கை 32 பிட்டு அளவுடையது. ஆகவே 4,29,49,67,296 முறை கூடியதும், வண்டியின் தூரமானி 99999-க்குப் பின் 00000-க்குத் திரும்புவது போல், அது சுழியாகியது. வளையம் பயன்பாட்டில் இருக்கும்போதே கருனி அதனை அழித்துவிடும். காலியான அவ்விடத்தில் தன் தரவை நிரப்பும் ஒருவர், கணினியின் முழு அதிகாரத்தையும் பெறக்கூடும். இன்டெல் கோர் ஐ7 கணினி ஒன்றில் எண்ணிக்கையை இவ்வாறு சுழற்ற ஏறத்தாழ 30 நிமிடங்கள் ஆயின.

இத்தாக்குதலுக்குக் கணினியில் நிரல் ஒன்றை இயக்கும் வாய்ப்பு தேவை. எனவே பலர் பகிர்ந்துகொள்ளும் கல்லூரி ஆய்வகக் கணினிகளுக்கும் வழங்கிகளுக்கும் இதனால் ஆபத்து மிகுதி. விடுபட்ட குறைப்பைச் சேர்த்ததே இதற்கான திருத்தம்.

தமிழ்நாட்டில்

சென்னையில் உள்ள சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் இயங்குதளம், டெபியன் லினக்சை அடிப்படையாகக் கொண்டது. 2011 இல் தொடங்கிய தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் வழியாக இது மாணவர்களிடையே பரவியது. டெபியன், 2016 சனவரி 19 அன்றே திருத்தத்தை வெளியிட்டது. எனினும் திருத்தம் வெளியாவதும் அது ஒரு கணினியைச் சென்றடைவதும் வெவ்வேறானவை. குறிஞ்சிப்பாடி போன்ற சிற்றூர்களில் இணைய இணைப்பின்றிப் பயன்படும் கணினி ஒன்றில், இற்றைப்படுத்தும் வரை பழைய கருனியே இயங்கும்.

தடுப்பு முறைகள்

* கருனியின் நினைவகக் கசிவைக் கண்டறியும் கேமெம்லீக் கருவி 2009 இல் வெளியான 2.6.31 பதிப்பில் சேர்க்கப்பட்டது.
* 2017 இல் வெளியான 4.11 பதிப்பில், பயன்பாட்டு எண்ணிக்கைக்கெனத் தனித் தரவு வகை அறிமுகமானது. இதில் எண்ணிக்கை உச்சத்தை அடைந்தால் சுழிக்குத் திரும்பாமல் அங்கேயே நின்றுவிடும். சிறிது நினைவகம் வீணாகும்; கணினியின் அதிகாரம் பறிபோகாது.
* பயனர் செய்யக்கூடியது, கருனியை இற்றைப்படுத்திய பின் கணினியை மறுதொடக்கம் செய்வதாகும். பொதுவாக மறுதொடக்கம் செய்தால்தான் புதிய கருனி நடைமுறைக்கு வரும்.