வழக்குரைஞர் பர்னெட்டின் மனமாற்றம்

கலிபோர்னியாவின் முதல் ஆளுநராக மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்ட பீட்டர் ஹார்டிமன் பர்னெட் ஒரு கத்தோலிக்கர் என்பதை நம் வாசக அன்பர்களுள் சிலர் அறிந்திருக்கக்கூடும். கத்தோலிக்கரை ஐயத்துடன் நோக்கிய அந்நாளைய அமெரிக்காவில் இஃது ஓர் அரிய நிகழ்ச்சியே. இதைப் பெருமையாகப் பேசுவது எளிது. ஆனால் அவர் வாழ்வை முழுதும் படிக்கும்போது அப்பெருமை நம் தொண்டையில் சிக்கிக்கொள்கிறது.

1807இல் டென்னசி மாநிலத்து நாஷ்வில்லில் பிறந்த பர்னெட், மிசூரி எல்லைப்புறத்தில் வளர்ந்தார். கல்லூரி வாயிலை மிதியாமலே சட்டம் பயின்று வழக்குரைஞரானார். 1839இல் மோர்மன் சமயத் தலைவர் ஜோசப் ஸ்மித்துக்காக வாதாடியோருள் அவரும் ஒருவர். மோர்மன்கள்மேல் வெறுப்பு கொழுந்துவிட்டெரிந்த நேரத்தில், ஆயுதம் தாங்கிய மக்களின் நடுவே அவர்களுக்காக எழுந்து நின்றது துணிவுள்ள செயல். சட்டத்தின் காவல் வெறுக்கப்பட்டோர்க்கும் உரியது என்பதை அவர் அறிந்திருந்தார். இதை நாம் மனத்தில் இருத்திக்கொள்வோம்.

வாணிபத்தில் கடன் பெருகிற்று, மனைவியும் நோயுற்றிருந்தார். ஓரிகனில் குடியேறும் குடும்பத்துக்கு 640 ஏக்கர் நிலம் கிடைக்கும் என்ற பேச்சு அப்போது அடிபட்டது. 1843இல் கூண்டு வண்டிகளில் மேற்கே புறப்பட்ட பெருங்கூட்டத்தைத் திரட்டியவர்களுள் அவர் முதன்மையானவர். அவ்வாண்டின் கிறிஸ்து பிறப்பு விழாவன்று வான்கூவர் கோட்டையில் நள்ளிரவுத் திருப்பலியை வேடிக்கை பார்க்கச் சென்றார். அங்குக் கண்ட வழிபாட்டின் ஆழம் தம்மை அசைத்ததாகப் பின்னர் எழுதினார்.

ஆறு திங்கள் கழிந்தன. ஓரிகன் தற்காலிக அரசின் சட்டக் குழுவில் உறுப்பினராக அமர்ந்த பர்னெட், 1844 ஜூனில் ஒரு சட்டத்தை முன்னின்று நிறைவேற்றினார். அடிமை முறை கூடாது என்றது சட்டம், நல்லது. ஆனால் விடுதலை பெற்ற கறுப்பின மக்களும் அம்மண்ணில் இருத்தலாகாது என்றது. ஆண்கள் இரண்டாண்டுக்குள், பெண்கள் மூன்றாண்டுக்குள் வெளியேற வேண்டும். தவறினால் 20க்குக் குறையாமலும் 39க்கு மேற்படாமலும் கசையடி. வெளியேறும் வரை ஆறு திங்களுக்கொருமுறை அதே தண்டனை. அந்த 39 என்ற எண் நமக்குப் புதிதன்று. ஒன்று குறைய நாற்பதடியைத் தாம் ஐந்து முறை பெற்றதாகத் தூய பவுல் கொரிந்தியருக்கு எழுதுகிறார். விவிலியம் படித்த அவர் கண்ணுக்கு இது தென்படவில்லை போலும்!

அவ்வாண்டு இலையுதிர் காலத்தில்தான், 1837இல் ஆயர் பர்செலுக்கும் போதகர் காம்பெலுக்கும் நடந்த சமய வாதத்தின் அச்சு நூல் அவர் கைக்கு வந்தது. காம்பெலின் சீடராயிருந்தவர் அவர். இருதரப்புச் சான்றுகளையும் நீதிமன்றத்தில் எடைபோடுவதுபோல் ஒன்றரையாண்டு ஆய்ந்து, 1846 ஜூனில் ஓரிகன் நகரில் இயேசு சபைத் துறவி தெ வோஸ் அவர்களிடம் திருமுழுக்குப் பெற்றார். சட்டம் இருந்தால் அதை இறுதியாக விளக்கும் நீதிமன்றமும் இருந்தாக வேண்டும் என்ற வழக்குரைஞரின் வாதமே அவரைத் திருச்சபைக்குக் கொணர்ந்தது. 1860இல் இதை ஒரு பெரிய நூலாகவே எழுதி வெளியிட்டார்.

அறிவு மனம் மாறியது. சட்டம் எழுதிய கை மாறியதா? கசைத் தண்டனையை 1844 டிசம்பரில் கட்டாய வேலையாக மாற்றியிருந்தனர். 1845இல் சட்டமே நீக்கப்பட்டது. எவர் முதுகிலும் கசை விழவில்லை. ஆயினும் திருமுழுக்குப் பெற்று மூன்றாண்டுகளுக்குப்பின், 1849 டிசம்பரில் கலிபோர்னிய ஆளுநராகச் சட்டமன்றத்துக்கு விடுத்த முதற் செய்தியில், கறுப்பின மக்களை நுழையவிடாத சட்டத்தையே அவர் மீண்டும் கோரினார். சட்டமன்றம் அதை ஏற்கவில்லை. 1850இல் அவர் கையொப்பமிட்ட மற்றொரு சட்டம், பாதுகாப்பு என்ற பெயரைத் தாங்கிக்கொண்டே, பழங்குடியினரையும் அவர்தம் பிள்ளைகளையும் கட்டாய வேலைக்கு உட்படுத்த வழிவகுத்தது. 1851 ஜனவரிச் செய்தியில், பழங்குடி இனம் அற்றுப்போகும் வரை ஒழிப்புப் போர் நடந்தே தீரும் என்று எதிர்பார்க்க வேண்டியதுதான் என எழுதினார். தங்க வேட்டைக்கு முன் ஏறத்தாழ ஒன்றரை இலட்சமாக மதிப்பிடப்படும் அம்மக்கள், 1870 அளவில் முப்பதாயிரமாகச் சுருங்கினர்.

பர்னெட்டை மட்டும் கூண்டில் ஏற்றுவது நேர்மையாகாது. பழங்குடியினரும் உரிமையுடைய மாந்தரே எனத் திருத்தந்தை மூன்றாம் பவுல் 1537இலேயே அறிவித்திருந்தார். பதினாறாம் கிரகோரியார் 1839இல் அடிமை வாணிபத்தைக் கண்டித்தார். ஆனால் அம்மடலை விளக்கிய சார்ல்ஸ்டன் ஆயர் ஜான் இங்கிலாந்து, அது வாணிபத்தை மட்டுமே தடுக்கிறது, உள்நாட்டு அடிமை முறையை அன்று என்று எழுதினார். பர்னெட்டுக்குத் திருமுழுக்களித்தவர் சார்ந்த சபையின் மேரிலாந்துத் துறவியரே 1838இல் 272 அடிமைகளை விற்றிருந்தனர். புதிதாய் வந்தவருக்குத் திருவருட்சாதனங்களைக் கற்பித்தோம். அயலான் யார் என்பதைக் கற்பித்தோமா?

1858இல் மாநில உச்ச நீதிமன்ற நீதிபதியாக அவர் அளித்த தீர்ப்பு விந்தையானது. ஆர்ச்சி லீ என்னும் கறுப்பின இளைஞரை மிசிசிப்பியிலிருந்து அழைத்து வந்தவர் உரிமை கொண்டாடினார். சட்டப்படி ஆர்ச்சி விடுதலைக்குரியவர் என நிறுவியபின், உரிமையாளர் இளைஞர், உடல்நலம் குன்றியவர், இதுவே முதல் வழக்கு என்று இரக்கங்காட்டி, ஆர்ச்சியை அவரிடமே ஒப்படைத்தார் பர்னெட்! இரக்கம் அவரிடம் இல்லாமலில்லை. அது யாருக்குச் சென்றது என்பதே நம் வினா. சில வாரங்களில் வேறொரு விசாரணையில் ஆர்ச்சி விடுதலையானார்.

1880இல் தன்வரலாறு எழுதியபோதும், கசைச் சட்டம் நடைமுறைக்கு வருமுன்பே திருத்தப்பட்டது என்றுதான் அவர் வாதாடினார். வழக்குரைஞராகவே பேசினார். 2019 ஜூனில் கலிபோர்னிய ஆளுநர் நியூசம் பழங்குடியினரிடம் மாநிலத்தின் சார்பில் மன்னிப்புக் கேட்டபோது, பர்னெட்டின் 1851ஆம் ஆண்டுச் சொற்களை எடுத்துக்கூறினார். 1895இல் காலமான பர்னெட், சாந்தா கிளாரா மிஷன் கல்லறைத் தோட்டத்தில் துயில்கிறார். அந்த மிஷன், 1777இல் பிரான்சிஸ்கன் துறவியரால் ஓலோனி பழங்குடியினரிடையே நிறுவப்பெற்றது.