ஆபுத்திரனின் பட்டினியும் தீவதிலகையின் குற்றச்சாட்டும்

மணிபல்லவத் தீவில் ஆபுத்திரன் உண்ணாமல் உயிர்விட்டதை ஈகையின் உச்சமாகப் போற்றுவது மணிமேகலைக் காப்பிய ஆய்வில் வேரூன்றிய வழக்கம். பல உயிரைக் காக்க வந்த அமுதசுரபி என்னும் பாத்திரத்தைத் தன் ஓருயிருக்காக ஏந்துவதை அவன் பொறுக்கவில்லை என்று 14ஆம் காதை சொல்வது உண்மையே. அங்கேயே வாசிப்பை முடித்துக்கொண்டால், பௌத்த தானம் தனியொருவரின் தியாகம் என்ற முடிவுக்குத்தான் வர நேரும். காப்பியத்தை இயற்றிய சாத்தனார் அங்கே முடிக்கவில்லை.

25ஆம் காதையில், சாவக நாட்டு மன்னன் புண்ணியராசனாக மறுபிறப்பெடுத்த ஆபுத்திரன் தன் பழைய எலும்புகளை அத்தீவின் மணலில் காண்கிறான். அருகில் வேறு எலும்புகளும் கிடக்கின்றன. அவனைக் கொண்டுவந்த கலத்தில் அவன் மீண்டும் ஏறிவிட்டதாக எண்ணிப் போனவர்களில் ஒன்பது செட்டிகள் பிறகு அவனைத் தேடி வந்து, இறந்து கிடந்தது கண்டு, தாமும் உண்ணாதிருந்து மாண்டார்கள். அவர்களை அண்டி வந்தவர்களும் மாண்டார்கள். இதைக் கூறும் தீவின் காவல் தெய்வம் தீவதிலகை, தன்னுயிரோடு தனக்கு இரங்கி வந்தவர் உயிரையும் கொன்றவன் அவன் என்று மன்னனை நேருக்கு நேர் குற்றஞ்சாட்டுகிறாள். தியாகியைக் கொலைகாரன் என்று அழைக்கும் இந்த இடத்துக்கு உரிய கனம் இதுவரை தரப்படவில்லை.

வினைப்பயனை உணர்த்தும் வழக்கமான அறவுரைதானே என்பார்கள். அதற்கு அவனுடைய எலும்பு மட்டுமே போதும், செட்டிகள் தேவையில்லை.

அவன் எங்கே தவறினான்? 13ஆம் காதையின் ஆபுத்திரன் மதுரையில் வீடுதோறும் இரந்து, கண்ணில்லாதவர், கால் முடங்கியவர், நோயாளர், கதியற்றவர் எல்லோரையும் கூவி அழைத்து ஊட்டி, எஞ்சியதை உண்டவன். பிச்சையிட்ட ஒவ்வொரு வீட்டுக்கும் அந்த ஈகையில் பங்கிருந்தது. சிந்தாதேவி என்னும் தெய்வம் அமுதசுரபியைத் தந்தபின் அவன் யாரிடமும் கையேந்த வேண்டியிருக்கவில்லை. இந்திரன் மழை பெய்வித்து, 12 ஆண்டு வறண்டிருந்த பாண்டிநாடு செழித்தபின் ஏற்பாரும் இல்லாமற்போயினர். உண்பார் உண்டோ என்று ஊர்ஊராகக் கேட்டவனைப் பார்த்துச் சிரித்தார்கள். கொடுப்பவர் உறவு முதலிலும் ஏற்பவர் உறவு பின்னரும் அற்றுப்போன நிலையின் கடைசிக் கட்டமே மணிபல்லவம் என்று கொள்ள இடமிருக்கிறது. நூல் இதை வெளிப்படையாகக் கூறவில்லை. காதைகளின் அடுக்கு கூறுகிறது.

அதே பாத்திரம் காப்பியத் தலைவி மணிமேகலை கைக்கு வரும்போது நடைமுறையே மாறுகிறது. முதற்பிச்சை பத்தினியான ஆதிரையின் கையிலிருந்து வர வேண்டியிருக்கிறது. பசித்தோர் கூடும் உலகவறவியில் அவள் ஊட்டுகிறாள். 19ஆம் காதையில் சிறையில் இருப்பவர்களுக்கு உணவிட்டதோடு நில்லாமல், அச்சிறையையே அறக்கோட்டமாக்கும்படி சோழனிடம் கேட்டுப் பெறுகிறாள். 22ஆம் காதையிலேயே அவள் சிறைப்படுவதைக் காட்டி இம்மாற்றத்தை வெறும் கற்பனை என்பது பொருந்தாது. அரச அதிகாரம் ஒரு வேண்டுகோளால் கரைந்துவிடும் என்று காப்பியம் எங்கும் சொல்லவில்லை.

எலும்பைக் கண்டு கலங்கிய புண்ணியராசனுக்கு, உடனிருந்த மணிமேகலை துறவைப் பரிந்துரைக்கவில்லை. எல்லா உயிர்க்கும் உணவும் உடையும் உறையுளும் அளிப்பதே அறம் என்று சொல்லி, ஆளும் கடமைக்கே அவனைத் திருப்பி அனுப்புகிறாள். ஆபுத்திரனின் பட்டினியைப் பௌத்த தானத்தின் இலக்கணமாக இனியும் எடுத்துக்காட்ட முடியாது. சாத்தனாரே அதற்கு எதிர்ச்சாட்சி.