மீன் பண்ணையில் கிடந்த நிலா வண்டி

பழைய ஏர்ஸ்ட்ரீம் டிரெய்லரை வாங்கிப் புதுப்பிக்கிறவங்க முக்கியமா பயப்படுறது தரைக்குத்தான். வெளியே அலுமினியம் பளபளன்னு இருக்கும். ரிவெட் இடுக்கில் கசிஞ்ச தண்ணி உள்ளே பிளைவுட்டை உளுத்துப்போக வெச்சிருக்கும். கட்டில், அலமாரி எல்லாம் கழற்றினாத்தான் குட்டு வெளிப்படும்.

இந்த ஜாதி வண்டிக்கு நிலாவோடயும் சம்பந்தம் உண்டுங்க. 1969 ஜூலை 24, அப்போலோ 11 திரும்பிய நாள். நிலாவிலிருந்து ஏதாவது கிருமி தொத்திக்கிட்டு வந்திருந்தா? ஆம்ஸ்ட்ராங், ஆல்ட்ரின், காலின்ஸ் மூணு பேரையும் ஹார்னெட் கப்பலில் 35 அடி ஏர்ஸ்ட்ரீமுக்குள் அடைச்சுட்டாங்க. கூடவே ஒரு டாக்டர், ஒரு எஞ்சினியர். உள்ளே காற்றழுத்தம் வெளியைவிடக் குறைவு. ஓட்டை விழுந்தாலும் காற்று உள்ளேதான் போகும், கிருமி வெளியே வராது. அதிபர் நிக்சனே ஜன்னல் வழியாத்தான் பேசினார் :-)

நாசா இப்படி நாலு வண்டி செய்ய வெச்சது. 1971ல் அப்போலோ 14க்குப் பிறகு இந்தத் தனிமைவாசத்தையே கைவிட்டாங்க. அப்போலோ 12 வண்டி எங்கேயோ காணாமப் போச்சு. 2007ல் அலபாமா மாநிலம் மேரியனில், ஒரு மீன் பண்ணையில் கண்டுபிடிச்சாங்க! இப்போ ஹன்ட்ஸ்வில் விண்வெளி அருங்காட்சியகத்தில் இருக்கு.

நம்ம சொந்த வண்டின்னா புது மெத்தை, புதுப் பெயின்ட்னு இழைச்சிடலாம். இதுல எல்லாத்தையும் மாத்தினா, நிலாவுக்குப் போனவங்க உட்கார்ந்த இடமே இல்லாமப் போயிடும். அப்படியே விட்டா உளுத்துடும். என் கட்சி இதுதான்: ஒழுகலை அடைங்க, தரையைப் பலப்படுத்துங்க, மிச்சத்தில் கை வைக்காதீங்க.

நீங்க என்ன சொல்றீங்க?