பிரைட்டன் சாலையில் இரண்டு கிளப்கள்



காமர்ஸ் படிக்கிறவர்களுக்குத் தேய்மானம் என்றால் என்ன என்று சொல்லித்தர வேண்டியதில்லை. ஒரு கார் வாங்குகிறோம். பத்து வருடம் உழைக்கும் என்று வைத்துக்கொண்டு வருடா வருடம் ஒரு பங்கைக் கழிக்கிறோம். கடைசியில் ஏட்டில் மிஞ்சுவது காயலான் கடைக்காரர் தரக்கூடிய விலை மட்டும்தான். அதற்குப் பிறகு கணக்குப் புத்தகத்தைப் பொறுத்தவரை அந்தக் காருக்கு வேலை இல்லை.

ஆனால் இங்கிலாந்தில், 120 வருடங்களுக்கும் மேல் வயதான நூற்றுக்கணக்கான கார்கள் ஒவ்வொரு நவம்பர் மாதமும் லண்டனிலிருந்து பிரைட்டன் கடற்கரை வரை சுமார் 60 மைல் (கிட்டத்தட்ட 96 கிலோமீட்டர்) ஓடுகின்றன. அவற்றைத் தயாரித்த கம்பெனிகளில் பெரும்பாலானவை எப்போதோ மூடப்பட்டுவிட்டன. ஸ்பேர் பார்ட்ஸ் கேட்டு எந்தக் கடையிலும் நிற்க முடியாது. பிறகு எப்படி ஓடுகின்றன?

சுருக்கமான பதில்: ஒரு கிளப். ஆனால் அந்தச் சாலையின் வரலாற்றைப் படித்தால் அங்கே இரண்டு கிளப்கள் இருந்தது தெரியும். ஒன்று பங்கு விற்பதற்காக ஆரம்பிக்கப்பட்டது. இன்னொன்று பழைய வண்டிகளைக் காப்பாற்றுவதற்காக ஆரம்பிக்கப்பட்டது. எது நிலைத்தது என்பதுதான் இந்தக் கட்டுரை.

சிவப்புக் கொடி காலம்

1865-இல் பிரிட்டனில் ஒரு சட்டம் வந்தது. குதிரை இல்லாமல் சாலையில் ஓடும் எந்த வண்டியும் ஊருக்கு வெளியே மணிக்கு 4 மைல், ஊருக்குள் 2 மைல் வேகத்துக்கு மேல் போகக்கூடாது. அதுமட்டுமல்ல, வண்டிக்கு 60 கஜம் முன்னால் ஒரு ஆள் சிவப்புக் கொடி பிடித்துக்கொண்டு நடக்க வேண்டும்! நீராவியில் ஓடிய பெரிய இழுவை வண்டிகளை மனதில் வைத்து எழுதிய சட்டம் அது. 1878-இல் கொடி கட்டாயமில்லை என்று ஆனது. ஆனால் முன்னால் ஒருவர் நடக்க வேண்டும் என்ற விதியும் அந்த ஆமை வேகமும் அப்படியே இருந்தன.

1896 ஜனவரியில் கென்ட் பகுதியில் உள்ள பேடக் வுட் என்ற ஊரில் வால்டர் ஆர்னால்டு என்பவர் மணிக்கு 8 மைல் வேகத்தில் காரில் போனார். போலீஸ்காரர் ஒருவர் சைக்கிளில் துரத்திப் பிடித்தார். வேகத்துக்காக அவருக்கு விதித்த அபராதம் 1 ஷில்லிங். இன்று நம் தெருவில் சைக்கிள் மிதிக்கும் பையன்கூட அந்த வேகத்தைத் தாண்டிவிடுவான்.

அதே வருடம் சட்டம் மாறியது. முன்னால் நடக்க ஆள் வேண்டாம், 14 மைல் வரை போகலாம் என்று புதிய சட்டம் சொன்னது. (நடைமுறையில் அதிகாரிகள் அதை 12 ஆகக் குறைத்துவிட்டார்கள்.) சட்டம் அமலுக்கு வந்த நாள் 1896 நவம்பர் 14. அன்றைக்கே லண்டனிலிருந்து பிரைட்டனுக்குக் கார்கள் ஊர்வலமாகக் கிளம்பின. காலையில் ஒரு ஹோட்டலில் விருந்து. அங்கே வின்சில்சி பிரபு ஒரு சிவப்புக் கொடியைக் கிழித்தார். சட்டப்படி 18 வருடங்களாகத் தேவைப்படாத கொடி அது! ஆனாலும் காட்சி நன்றாக இருந்தது. விளம்பரம் என்றால் அப்படித்தானே.

முதல் கிளப்: பங்கு விற்றவர்கள்

அந்த விளம்பரத்துக்குப் பின்னால் இருந்தவர் ஹாரி லாசன். சைக்கிள் தொழிலில் இருந்து வந்தவர். கார் என்ற புதிய பொருள் வரப்போகிறது என்பதைப் பலருக்கும் முன்பே மோப்பம் பிடித்தவர். ஆனால் கார் செய்வதைவிட, காரின் காப்புரிமைகளை வாங்கி வைத்துக்கொண்டு மற்றவர்களிடம் பணம் வசூலிப்பதில்தான் அவருக்கு ஆர்வம். 1895-இல் அதற்காகவே பிரிட்டிஷ் மோட்டார் சிண்டிகேட் என்ற நிறுவனத்தை ஆரம்பித்தார். 1896 தொடக்கத்தில் டைம்லர் மோட்டார் கம்பெனியை 1,00,000 பவுண்டு மூலதனத்தோடு பங்குச் சந்தைக்குக் கொண்டுவந்தார். சில மாதங்கள் கழித்து கிரேட் ஹார்ஸ்லெஸ் கேரேஜ் கம்பெனி. அதன் மூலதனம் 7,50,000 பவுண்டு! சாலையில் ஓடிய கார்களை விரல் விட்டு எண்ணிவிடக்கூடிய காலம் அது என்பதை மறக்காதீர்கள்.

இந்தக் கம்பெனிகளுக்கு மக்களிடம் பெயர் வாங்கித்தர லாசன் ஒரு அமைப்பையும் வைத்திருந்தார். அதன் பெயர் மோட்டார் கார் கிளப். பெயர்தான் கிளப். வேலை பங்குக்கு ஆள் பிடிப்பது. அவர்கள் போட்டுக்கொண்ட சீருடையைப் பார்த்து அந்தக் காலத்துப் பத்திரிகைகளே கேலி செய்தன. பிரைட்டன் ஊர்வலத்தை நடத்தியதும் இந்தக் கிளப்தான்.

அன்று மழையும் சேறுமாக இருந்தது. கிளம்பிய சுமார் 30 வண்டிகளில் பாதிக்குக் கொஞ்சம் மேல்தான் போய்ச் சேர்ந்தன. பிரான்சில் செய்த லியோன் பொலே மூன்று சக்கர வண்டிகள் முதலில் போய் நின்றன. மின்சாரத்தில் ஓடும் வண்டிகளும் அந்த ஊர்வலத்தில் இருந்தன. அதில் ஒன்றை ரயிலில் ஏற்றிக் கொண்டுபோய், பிரைட்டனில் சேறு பூசி இறக்கிவிட்டார்கள் என்று ஒரு கதை இன்றும் சொல்லப்படுகிறது. உண்மையோ பொய்யோ, அந்தக் கிளப்பைப் பற்றி ஜனங்கள் என்ன நினைத்தார்கள் என்பது அதில் தெரிகிறது.

லாசனின் கதை நல்லபடியாக முடியவில்லை. ஃபிரடெரிக் சிம்ஸ் போன்றவர்கள் பிரிந்துபோய் 1897-இல் தனியாக ஆட்டோமொபைல் கிளப் தொடங்கினார்கள். (அதுதான் 1907-இல் ராயல் ஆட்டோமொபைல் கிளப் ஆனது.) 1901-இல் நீதிமன்றத்தில் தோற்றதோடு அவருடைய காப்புரிமைக் கோட்டை சரிந்தது. 1904-இல் வேறொரு கம்பெனியின் பங்கு மோசடி வழக்கில் அவருக்கு ஒரு வருடக் கடுங்காவல் தண்டனை கிடைத்தது. மோட்டார் கார் கிளப்பை இன்று வரலாறு படிக்கிறவர்களைத் தவிர யாருக்கும் தெரியாது.

இரண்டாவது கிளப்: காயலான் கடையிலிருந்து மீட்டவர்கள்

1920-களில் பழைய கார் என்றால் சிரிப்புதான். ஃபோர்டு, ஆஸ்டின், மோரிஸ் என்று மலிவான புதிய கார்கள் வந்துவிட்டன. 1900-இல் செய்த வண்டிகள் கொட்டகையிலும் கோழிக்கூண்டுக்குப் பக்கத்திலும் துருப்பிடித்துக் கிடந்தன. 1927-இல் டெய்லி ஸ்கெட்ச் பத்திரிகை, ஒரு வேடிக்கை போல, பழைய வண்டிகளை வைத்து அந்த பிரைட்டன் ஊர்வலத்தை மறுபடி நடத்தியது. ஜனங்கள் வைத்த பெயர் 'ஓல்ட் க்ராக்ஸ்'. நம் ஊர்ப் பேச்சில் சொன்னால் 'ஓட்டை வண்டிகள்'.

ஆனால் ஓட்டிவந்தவர்களுக்கு அது வேடிக்கையாகப் படவில்லை. 1930 நவம்பரில் ஓட்டம் முடிந்ததும், பிரைட்டனில் உள்ள ஓல்ட் ஷிப் ஹோட்டலில் நண்பர்கள் சிலர் உட்கார்ந்து பேசி ஒரு கிளப் ஆரம்பித்தார்கள். அதுதான் வெட்டரன் கார் கிளப் ஆஃப் கிரேட் பிரிட்டன். பழைய கார்களுக்காக உலகில் தோன்றிய முதல் கிளப்பாக இதைச் சொல்கிறார்கள்.

அந்த நண்பர்களில் ஒருவர் எஸ்.சி.எச். டேவிஸ். எல்லோரும் 'சாமி' என்று கூப்பிடுவார்கள் (நம்ம ஊர் சாமி இல்லை!). 1927-இல் லெ மான்ஸ் 24 மணி நேரப் பந்தயத்தில், பெரிய விபத்தில் அடிபட்டு நசுங்கிய பென்ட்லி காரை பெஞ்சஃபீல்டு என்பவரோடு சேர்ந்து ஓட்டி ஜெயித்தவர். உலகத்திலேயே வேகமான கார்களில் உட்கார்ந்த மனிதர், ஓய்வு நேரத்தில் 1897-இல் செய்த ஒரு லியோன் பொலே மூன்று சக்கர வண்டியை வைத்துக்கொண்டு படாதபாடு பட்டார். அந்த வண்டிக்கு அவர் வைத்த பெயர் பீல்செபப், அதாவது பிசாசுகளின் தலைவன். வண்டி எப்படிப்பட்டது என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

கிளப்பில் என்னதான் செய்கிறார்கள்?

முதல் வேலை, வயதைக் கண்டுபிடிப்பது. பிரைட்டன் ஓட்டத்தில் 1904 டிசம்பர் 31-க்குள் செய்த வண்டிகளுக்கு மட்டும்தான் அனுமதி. ஒரு வண்டி 1904-ஆ, 1905-ஆ என்று எப்படிச் சொல்வது? அந்தக் காலத்தில் பல கம்பெனிகள் ஒழுங்காகப் பதிவேடு வைக்கவில்லை. அதனால் கிளப்பில் இதற்கென்றே ஒரு குழு இருக்கிறது. என்ஜின் எண், சேசிஸ், காப்புரிமைத் தேதி, பழைய கேட்டலாக், புகைப்படம் எல்லாவற்றையும் ஒப்பிட்டுப் பார்த்து வயதுச் சான்றிதழ் தருகிறார்கள். நம் பாடத்தில் வரும் தணிக்கை வேலைதான்! ஹெர்ட்ஃபோர்டுஷயரில் உள்ள ஆஷ்வெல் என்ற ஊரில் கிளப்பின் அலுவலகமும் நூலகமும் இருக்கின்றன.

இரண்டாவது, பாகங்கள். உங்கள் வண்டியில் ஒரு பல்சக்கரம் உடைந்துவிட்டது என்றால் அதே மாடல் வண்டி வைத்திருக்கும் இன்னொரு உறுப்பினர் தன்னுடையதைக் கழற்றிக் கொடுக்க வேண்டும். அதைப் பார்த்து அச்சு எடுத்து, வார்த்து, லேத்தில் கடைந்து புதிதாகச் செய்ய வேண்டும். உலகத்தில் பத்துப் பதினைந்து மட்டுமே மிஞ்சியிருக்கும் ஒரு வண்டியின் பாகத்தை நம்பி இன்னொருவர் கையில் கொடுப்பதற்கு எவ்வளவு பெரிய மனது வேண்டும்!

மூன்றாவது, பழக்கம். இதுதான் எனக்கு முக்கியமாகத் தெரிகிறது. கையால் சுழற்றி என்ஜினை ஸ்டார்ட் செய்யும்போது கட்டை விரலை மற்ற விரல்களோடு ஒரே பக்கம் வைக்க வேண்டும். வளைத்துப் பிடித்தால், என்ஜின் திருப்பி உதைக்கும்போது எலும்பு முறியும். சில பழைய வண்டிகளில் ஸ்பார்க் பிளக் கிடையாது. சூடேற்றிய ஒரு குழாய்தான் பெட்ரோல் ஆவியைப் பற்றவைக்கும். அந்தச் சுடர் காற்றில் அணைந்தால் வண்டி நின்றுவிடும். சிலவற்றில் ஸ்டீரிங் சக்கரத்துக்குப் பதில் படகின் சுக்கான் மாதிரி ஒரு கைப்பிடி. நீராவி வண்டி என்றால் வழியில் நிறுத்தித் தண்ணீர் ஊற்ற வேண்டும். இதையெல்லாம் புத்தகத்தில் படிக்கலாம், ஆனால் பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து கையைப் பிடித்துக் காட்டினால்தான் வரும். அந்த ஒருவர் அதை இன்னொருவரிடம் கற்றிருப்பார். சங்கிலி ஒரு தலைமுறை அறுந்தால், வண்டி மியூசியத்தில் பொம்மையாக நிற்கும்.

முதலில் வந்தவருக்குப் பரிசு இல்லை

1930-இலிருந்து இந்த ஓட்டத்தை நடத்துவது ராயல் ஆட்டோமொபைல் கிளப். நவம்பர் மாதத்தின் முதல் ஞாயிறு, சூரியன் உதிக்கும் நேரத்தில் ஹைட் பார்க்கில் தொடக்கம். கொடி கிழிப்பது இன்றும் உண்டு. வயதில் மூத்த வண்டிகள் முதலில் கிளம்பும். சராசரி வேகம் மணிக்கு 20 மைலைத் தாண்டக்கூடாது. மாலை நாலரை மணிக்குள் வந்து சேர்ந்த எல்லோருக்கும் பதக்கம். முதலிடம், இரண்டாமிடம் எதுவும் கிடையாது.

இந்த ஒரு விதிதான் எல்லாவற்றையும் மாற்றுகிறது என்று நினைக்கிறேன். ஜெயிப்பவர் யாரும் இல்லை என்பதால், வழியில் நிற்கும் வண்டியைப் பார்த்தால் நின்று உதவுவதில் யாருக்கும் நஷ்டமில்லை. மேட்டில் வண்டி திணறினால் உள்ளே இருப்பவர்கள் இறங்கித் தள்ளுகிறார்கள். வேடிக்கை பார்க்க வந்தவர்களும் கை கொடுக்கிறார்கள். ஊர் கூடித் தேர் இழுப்பது என்று நாம் சொல்வதை அங்கே தார் ரோட்டில் பார்க்கலாம்.

1953-இல் வந்த 'ஜெனிவீவ்' என்ற படம் இந்த ஓட்டத்தை உலகமெங்கும் தெரியவைத்தது. படத்தில் இரண்டு நண்பர்கள் பிரைட்டனிலிருந்து திரும்பும்போது 100 பவுண்டு பந்தயம் கட்டிக்கொண்டு மல்லுக்கட்டுவார்கள். அதாவது கிளப்பின் கொள்கைக்கு நேர் எதிரான கதை! அதில் நடித்த 1904 டராக் கார், போர் முடியும் சமயத்தில் குப்பையோடு குப்பையாகக் கண்டெடுக்கப்பட்டது. இன்று அது நெதர்லாந்தில் உள்ள லௌமன் மியூசியத்தில் இருக்கிறது.

இரண்டாம் உலகப் போரின்போதும், பெட்ரோல் ரேஷனால் 1947-லும், கொரோனாவால் 2020-லும் ஓட்டம் நடக்கவில்லை. ஒவ்வொரு முறையும் தடை நீங்கியதும் மறுபடி கிளம்பிவிட்டார்கள்.

இப்போதைய சிக்கல்

எல்லாம் நன்றாக இருக்கிறது என்று சொல்ல முடியாது. 2007-இல் லண்டன் ஏலத்தில் 1904-இல் செய்த ஒரு ரோல்ஸ் ராய்ஸ் 35 லட்சம் பவுண்டுக்கு மேல் விலை போனது. ஒரு காலத்தில் சும்மா கொடுத்தால்கூட யாரும் எடுத்துப்போகாத பொருளுக்கு இந்த விலை! விலை ஏறினால், மழையிலும் சேற்றிலும் ஓட்டுவதற்குப் பதில் பூட்டி வைக்கத் தோன்றும். வாங்க நினைக்கும் இளைஞனுக்கு எட்டாது. எத்தனால் முன்பைவிட அதிகம் கலந்த பெட்ரோல் 2021 முதல் அங்கே வழக்கமாகிவிட்டது. பழைய ரப்பர் குழாய்களை அது அரித்துவிடும் என்பதால் அதற்கும் வழி தேட வேண்டியிருக்கிறது. பணம் இருப்பவர் காரை வாங்கிவிடலாம். ஆனால் கட்டை விரலை எங்கே வைக்க வேண்டும் என்று சொல்லித்தரும் ஆளை ஏலத்தில் எடுக்க முடியாது.

நம் பாடப்புத்தகத்தில் நற்பெயர் என்று ஒரு சொத்து வரும். கண்ணுக்குத் தெரியாது, ஆனால் வியாபாரத்தை விற்கும்போது அதற்கும் விலை போடுவோம். லாசன் அதைத்தான் அவசரமாகத் தயாரித்து விற்கப் பார்த்தார். சில வருடங்களில் கரைந்துவிட்டது. ஓல்ட் ஷிப் ஹோட்டலில் உட்கார்ந்த நண்பர்கள் எதையும் விற்கவில்லை. பல்சக்கரத்தைக் கடன் கொடுத்தார்கள், மேட்டில் வண்டி தள்ளினார்கள், அடுத்தவனுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். அந்தக் கிளப் 90 வருடங்களைத் தாண்டி நடந்துகொண்டிருக்கிறது.

உங்கள் வீட்டிலோ பக்கத்துத் தெருவிலோ ஒரு பழைய லாம்ப்ரெட்டாவோ அம்பாசிடரோ மூலையில் நின்றால், அதை ஓட்டத் தெரிந்த பெரியவரிடம் ஒரு தடவை பேசிப் பாருங்கள்.