பெயர் மாறிய துணி

கானா நாட்டின் அசாந்தே நெசவாளர்கள் தாம் நெய்யும் கென்ட்டே துணிக்குப் பெயர் வைப்பது வழக்கம். ஏறக்குறைய நான்கு அங்குல அகலத்தில் நீண்ட பட்டைகளாக நெய்து, அவற்றைப் பக்கம் பக்கமாகச் சேர்த்துத் தைத்த துணி அது. அரசியின் பெயர், ஒரு பழமொழி, ஊர் பார்த்த ஒரு நிகழ்ச்சி என எதுவும் துணியின் பெயராகலாம். அப்படிப் பெயர் பெற்ற ஒரு துணி ‘ஃபாத்தியா ஃபாத்தா நிக்ரூமா’. அக்கான் மொழியில் ‘ஃபாத்தியா நிக்ரூமாவுக்குப் பொருத்தமானவள்’ என்று பொருள். 1966க்குப் பிறகு அதே துணியை ‘ஒபாக்கோஃபோ ம்மு மான்’ என்றார்கள். ஒற்றை ஆள் நாட்டை ஆள்வதில்லை என்பது இதன் பொருள். நூல் மாறவில்லை, நிறம் மாறவில்லை. பெயர் மட்டும் மாறியது.

யார் இந்த ஃபாத்தியா?

ஃபாத்தியா ரிஸ்க் 1932ஆம் ஆண்டு கெய்ரோவில், காப்டிக் கிறித்தவக் குடும்பமொன்றில் பிறந்தார். அரசு ஊழியரான தந்தை முன்பே இறந்துவிட, பிள்ளைகளை ஆளாக்கியவர் தாய். பிரெஞ்சுக் கன்னியர் பள்ளியில் படித்த ஃபாத்தியா அங்கேயே ஆசிரியையாக இருந்து, பின்னர் வங்கி வேலைக்குப் போனார். குவாமே நிக்ரூமாவிடமிருந்து திருமணப் பேச்சு வந்தபோது தாய் சம்மதிக்கவில்லை. ஆங்கிலேயப் பெண்ணை மணந்த மகன் ஏற்கனவே நாட்டைவிட்டுப் போயிருந்தான். இப்போது மகளும் கண்காணாத தூரத்திற்குப் போவதா என்பது அந்தத் தாயின் கேள்வி. மகளின் முடிவு மாறவில்லை. தாயின் ஆசியின்றியே புறப்பட்டார்.

1957 டிசம்பர் இறுதியில் அக்ராவில் திருமணம் நடந்தது. மணமகளுக்கு இருபத்தைந்து வயது, மணமகனுக்கு நாற்பத்தெட்டு. அவர் அறிந்தவை அரபும் பிரெஞ்சும். நிக்ரூமாவுக்கு இரண்டும் தெரியாது. பொதுவான மொழி ஒன்றில்லாமலே இருவரும் இல்லறத்தைத் தொடங்கினார்கள். பின்னர் ஃபாத்தியா ஆங்கிலம் கற்றுக்கொண்டார்.

இத்திருமணத்தில் அரசியல் கலந்திருந்ததை யாரும் மறைக்கவில்லை. கானா 1957 மார்ச் 6 அன்று விடுதலை பெற்றிருந்தது. அதற்கு முந்தைய ஆண்டுதான் சூயஸ் கால்வாயை நாட்டுடைமையாக்கி நாசர் ஏகாதிபத்தியத்தை எதிர்த்து நின்றார். சகாராவுக்கு வடக்கே அரபு ஆப்பிரிக்கா, தெற்கே கறுப்பு ஆப்பிரிக்கா என்ற பிரிவினையை நிக்ரூமா ஏற்கவில்லை. கண்டம் முழுவதும் ஒன்று என்பது அவர் கொள்கை. நைல் நதிக்கரையிலிருந்து வந்த மணப்பெண் அக்கொள்கையின் கண்கண்ட வடிவமானார். பிள்ளைகளின் பெயர்களிலும் இதைக் காணலாம். மூத்த மகனுக்கு நாசரின் பெயரான கமால். கடைசி மகனுக்கு கினியாவின் அதிபர் செக்கூ டூரேயின் பெயர். இடையில் மகள் சாமியா.

கானாவின் பெண்கள் முதலில் இம்மணத்தை விரும்பவில்லை. நிக்ரூமாவின் கட்சியைத் தம் பணத்தாலும் உழைப்பாலும் தூக்கி நிறுத்தியவர்களில் சந்தைப் பெண்களுக்குப் பெரும் பங்குண்டு. தம் தலைவன் உள்நாட்டில் பெண்ணெடுக்கவில்லையே என்று அவர்கள் மனம் கசந்ததில் வியப்பில்லை. அந்தச் சமூகத்தின் துணியிலேயே ‘பொருத்தமானவள்’ என்ற சொல் ஏறியது என்பதுதான் கவனிக்கத்தக்கது. அந்நியப் பெண்ணுக்கு அந்த ஊர் தந்த குடியுரிமை என்றே அதைச் சொல்லலாம்.

ஆனால் நிக்ரூமாவின் ஆட்சி வேறு திசையில் போய்க்கொண்டிருந்தது. 1958இல் தடுப்புக்காவல் சட்டம் வந்தது. விசாரணையின்றிச் சிறை வைக்க அது வழி செய்தது. 1960இல் கானா குடியரசாயிற்று, நிக்ரூமா அதிபரானார். 1964இல் ஒற்றைக் கட்சி நாடாயிற்று. விடுதலைப் போராட்டத்தில் அவருக்கு மூத்தவரான ஜே. பி. டான்குவா 1965இல் சிறையிலேயே இறந்தார். நிக்ரூமாவின் மீது இரு முறை கொலை முயற்சிகள் நடந்தன. அந்த அச்சத்திற்கு நடுவேதான் ஃபாத்தியா மூன்று குழந்தைகளை வளர்த்தார்.

1966 பிப்ரவரி 24. ஹனோய் செல்லும் வழியில் நிக்ரூமா பீக்கிங்கில் இருக்க, அக்ராவில் இராணுவமும் காவல்துறையும் ஆட்சியைக் கைப்பற்றின. மாளிகையில் ஃபாத்தியாவும் குழந்தைகளும் தனியே அகப்பட்டார்கள். அவர் எகிப்தியத் தூதரகத்தைத் தொலைபேசியில் அழைத்தார். நாசர் விமானம் அனுப்பினார். எட்டு ஆண்டுகளுக்கு முன் தாயின் சொல்லை மீறிப் புறப்பட்ட கெய்ரோவுக்கே பிள்ளைகளோடு திரும்பினார். கணவருக்குப் புகலிடம் தந்தவர் செக்கூ டூரே. எந்த இருவரின் பெயர்களைப் பிள்ளைகளுக்குச் சூட்டினார்களோ, அந்த இருவரே குடும்பத்தின் இரு பாதிகளுக்கும் அடைக்கலம் தந்தார்கள். ஆனால் அவ்விரு பாதிகளும் அதன்பின் ஒரே கூரையின் கீழ் வாழவில்லை. 1972 ஏப்ரல் 27 அன்று நிக்ரூமா புக்காரெஸ்ட் நகரில் இறந்தார்.

துணியின் பெயர் மாறியது இந்தக் கவிழ்ப்புக்குப் பின்னர்தான். புதிய பெயர் சொல்வது பொய்யன்று. ஒற்றை ஆள் நாட்டை ஆளக் கூடாது என்பதைக் கானா தன் அனுபவத்தில் கற்றிருந்தது. ஆனால் அந்தக் குற்றச்சாட்டு முழுவதும் கணவருக்குரியது. தடுப்புக்காவல் சட்டத்தை இயற்றியவர் ஃபாத்தியா அல்லர். இருந்தும், அவன் பிழையைச் சொல்ல அவள் பெயரை அழிக்க வேண்டியிருந்தது. கொள்கைக்காக மணமுடிக்கப்பட்டவளை, அந்தக் கொள்கை தோற்றபோது தனியாகப் பிரித்துப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. அரசியல் மேடையில் மனைவியரை நிறுத்தும் எல்லா நாடுகளிலும் இந்த அநீதி நடக்கிறது. கானாவில் அது துணியில் பதிந்திருக்கிறது.

1975இல் அச்சம்பாங் அரசின் அழைப்பின் பேரில் ஃபாத்தியா பிள்ளைகளோடு கானா திரும்பிச் சில ஆண்டுகள் வாழ்ந்தார். பிறகு மீண்டும் கெய்ரோ. 2007 மே 31 அன்று, கானா விடுதலையின் பொன்விழா ஆண்டில், அங்கேயே காலமானார். உடல் அக்ராவுக்குக் கொண்டுவரப்பட்டு, நிக்ரூமா நினைவுப் பூங்காவில் கணவருக்கு அருகே அடக்கம் செய்யப்பட்டது. நிக்ரூமா நாட்டின் விடுதலையை அறிவித்த பழைய போலோ மைதானம்தான் இன்று அந்தப் பூங்கா. அடுத்த ஆண்டு மகள் சாமியா, தந்தையின் நிசிமா மக்கள் வாழும் ஜொமோரோ தொகுதியிலிருந்து நாடாளுமன்றத்திற்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

கென்ட்டேயைப் பற்றி எழுதுவோர் இன்று அந்தத் துணியைக் குறிப்பிடும்போது இரண்டு பெயர்களையும் அருகருகே தருகிறார்கள். ஒன்று அதிகாரத்துக்கு விடுத்த எச்சரிக்கை. மற்றொன்று தொலைவிலிருந்து வந்த ஒரு பெண்ணுக்குச் சொன்ன நல்வரவு. முதலாவதை மறந்துவிடாமலே இரண்டாவதையும் திருப்பித் தர ஒரு நாட்டுக்கு நாற்பது ஆண்டுகள் தேவைப்பட்டன.